கொஞ்சம் முரண்டு பிடிக்க வேண்டிய பேரிங்

மலேசியாவின் கேமரன் மலையில் ரிங்லெட், தானா ராத்தா வட்டாரத்தில் தேயிலைக்கும் காய்கறிக்கும் நடுவே இன்னமும் உழைக்கும் பழைய லேண்ட் ரோவர்களுக்கு ஒரு நோய் உண்டு. நேரான சாலையில் ஒரு குழியில் இறங்கி ஏறியதும் முன்சக்கரங்கள் இடமும் வலமுமாக அடித்துக்கொள்ளத் தொடங்கும்; வேகத்தைக் குறைக்கும்வரை அது அடங்காது. டயரை மாற்றியும் ஸ்டீரிங்கின் அதிர்வை அடக்கும் டாம்பரை மாற்றியும் பார்ப்பவர்கள், சக்கரம் திரும்பும் மூட்டைத் திறந்து பார்ப்பதை மட்டும் கடைசிக்கு ஒத்திப்போடுகிறார்கள்.

1971 முதல் 1985 வரை வந்த சீரிஸ் 3 வண்டியில், முன் அச்சின் இரு முனைகளிலும் குரோமியம் பூசிய உள்ளீடற்ற உருண்டை ஒன்று இருக்கும். சக்கரத்தைத் தாங்கும் கூடு அந்த உருண்டையைத் தழுவியபடி மேலும் கீழுமாக உள்ள இரண்டு பின்களில் (கடையாணிகளில்) திரும்புகிறது. கீழ்ப் பின், கூம்பு வடிவ உருளைகள் கொண்ட டேப்பர் ரோலர் பேரிங்கில் அமர்கிறது. மேல் பின், பிசினில் ஊறிய துணியடுக்குகளை இறுக்கிச் செய்த ரெயில்கோ புஷ்ஷுக்குள் உட்காருகிறது. சக்கர பேரிங் தடையின்றிச் சுழல வேண்டும். இந்த மூட்டோ சற்றே முரண்டு பிடிக்க வேண்டும். சாலை தரும் அதிர்ச்சி சக்கரத்தை ஒருபுறம் தள்ளும்போது அந்த ஆற்றலை உராய்வு உறிஞ்சிவிட்டால் ஆட்டம் அடங்கும். உராய்வு போதாமல் போனால் ஒவ்வோர் ஆட்டமும் அடுத்ததைத் தூண்டிவிடும்.

இந்த உராய்வைத் தருவதே முன்சுமை, அதாவது வெளியிலிருந்து எந்தச் சுமையும் வருவதற்கு முன்பே பேரிங்கில் இருத்திவைக்கும் அழுத்தம். மேல் பின்னின் விளிம்புக்கும் கூட்டுக்கும் இடையே வைக்கும் ஷிம் தகடுகள்தாம் அதைத் தீர்மானிக்கின்றன. தகட்டை எடுத்தால் பின் கீழிறங்கி மூட்டு இறுகும், சேர்த்தால் தளரும். மிக மெல்லிய தகட்டின் தடிமன் 0.003 அங்குலம், ஏறத்தாழ 0.08 மில்லிமீட்டர். அந்த ஒரு தகடே இறுக்கத்தில் வேறுபாட்டைக் காட்டிவிடும் என்பதால், கையால் அசைத்துப் பார்த்து "சரியாக இருக்கிறது" என்று சொல்வதை நான் ஏற்பதில்லை.

அளப்பதற்கு ஒரு ஸ்பிரிங் தராசு போதும். இரு முன்சக்கரங்களையும் இணைக்கும் டை ராடைக் கழற்றி, எண்ணெய் கசியாமல் உருண்டையைத் தழுவும் சீலையும் அகற்றிவிட்டு, அச்சுத்தண்டு உள்ளே இல்லாத நிலையில், ஸ்டீரிங் கையின் (கூட்டைத் திருப்பும் நெம்புகோலின்) துளையில் தராசைக் கொக்கியிட்டு, அந்தக் கைக்குச் செங்குத்தாக நிதானமாக இழுக்க வேண்டும். சீல் இருந்தால் அதன் உராய்வும் கணக்கில் சேர்ந்து, தளர்ந்த மூட்டையும் இறுக்கமானதாகக் காட்டிவிடும். அசையத் தொடங்கும் கணத்தில் முள் எம்பும். குறித்துக்கொள்ள வேண்டியது அதையன்று, கூடு சீராகத் திரும்பும்போது முள் நிற்கும் இடத்தை. எடுத்துக்காட்டாக, 20 சென்டிமீட்டர் நீளமுள்ள கையில் 5 கிலோ இழுவை என்றால் முறுக்கு விசை ஏறத்தாழ 10 நியூட்டன் மீட்டர். சரியான அளவு மாடலுக்கு மாடல் வேறுபடும் என்பதால், அந்தந்த வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் உள்ள எண்ணையே கொள்ள வேண்டும். பழைய புத்தகங்கள் பவுண்டில் பேசும், தராசு கிலோவில் பேசும். பவுண்டைக் கிலோவாக வாசித்துவிட்டால் இறுக்கம் இரண்டு மடங்கைத் தாண்டிவிடும்.

அளவுக்கு மிஞ்சி இறுக்கினாலும் கெடுதல்தான். வளைவு முடிந்ததும் ஸ்டீரிங் தானாக நேருக்குத் திரும்பாது. தாப்பா சாலையின் அடுத்தடுத்த வளைவுகளில் ஓட்டுநரின் தோள்பட்டை அதை உடனே சொல்லிவிடும். மேலும், கீழ்ப் பின்னைத் தாங்கும் இந்த பேரிங் முழுச்சுற்றுச் சுற்றுவதே இல்லை. வண்டி பெரும்பாலும் நேராகவே ஓடுவதால் உருளைகள் ஒரே இடத்தில் நின்று அதிர்ந்து, தம் தடத்தில் கோடு கோடாகப் பள்ளம் பதிக்கின்றன. திருப்பும்போது நடுவில் ஓரிடத்தில் 'டக்' என்று சிக்கினால், அது இந்தப் பள்ளம்தான். ஷிம் மாற்றி அதைச் சரிசெய்ய இயலாது. பேரிங்கையே மாற்ற வேண்டும்.

திறப்பதற்கு முன் ஒரு சோதனை. சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் இன்னொருவரைப் பிரேக்கை அழுத்தச் சொல்லுங்கள். ஆட்டம் மறைந்தால் குறை சக்கர பேரிங்கில். மறையாவிட்டால் ஷிம் பெட்டியைத் தேடலாம்.