பாலைக் குறைத்தீர்கள், கார்டை ஏன் விட்டீர்கள்?

ஜூலை மாதத்தில் என் மேசையில் வருமான வரிக் கோப்புகளுக்கு நடுவே காபித் தம்ளர் வைக்க இடம் இருக்காது. அந்த நெருக்கடியில் போன வாரம் ஓர் இளம் தம்பதி வந்தார்கள். கல்யாணமாகி மூன்று ஆண்டுகள், இடுப்பில் ஒன்றரை வயதுக் குழந்தை. நான்கு ஆண்டுகளில் வீடு வாங்க முன்பணம் சேர்க்க வேண்டுமாம். "சிக்கனமாகத்தான் இருக்கிறோம் மேடம், ஆனாலும் கையில் ஒன்றும் நிற்கவில்லை" என்றார் கணவர். இந்த மாதத்தில் மட்டும் இதை நான்காவது தடவையாகக் கேட்கிறேன்.

மனைவி ஒரு நோட்டை எடுத்து வைத்தார். தினமும் அரை லிட்டர் பால் குறைத்ததில் மாதம் 660 ரூபாய். செய்தித்தாளை நிறுத்தியதில் 250. பாத்திரம் தேய்க்க வந்த அம்மாவை நிறுத்தியதில் 1,500. அந்த வேலையை இப்போது யார் செய்கிறார்கள் என்று நான் கேட்கவில்லை. நோட்டைப் புரட்டிய கைகளே சொல்லிவிட்டன.

பிறகு கணவரின் வங்கி அறிக்கையைக் கேட்டேன். எங்கள் தொழிலில் நோட்டை நம்புவதில்லை, அறிக்கையைத்தான் நம்புவோம். மாதாமாதம் 6,000 ரூபாய் கிரெடிட் கார்டுக்குப் போயிருந்தது. "மினிமம் டியூ மேடம், ஒரு மாதம்கூடத் தவறவிட்டதில்லை" என்றார் பெருமையாக. நிலுவை 1,20,000. மனைவிக்கு அன்றுதான் தெரியும்.

இந்த மினிமம் டியூவை, அதாவது பில்லில் குறைந்தபட்சமாகக் கட்டச் சொல்லும் தொகையை, தவணை என்று நினைக்கிறவர்களிடம் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. இருந்தாலும் இன்னொரு முறை சொல்கிறேன். அவருடைய கார்டுக்கு மாதம் மூன்றரை சதவீத வட்டி. 1,20,000-க்கு 4,200. அந்த வட்டிமேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி., 756. ஆக, கட்டும் 6,000-இல் 4,956 கரைந்துவிடுகிறது. கடன் குறைவது வெறும் 1,044 ரூபாய். அதற்குள் அதே கார்டில் பெட்ரோல் போட்டால் அதுவும் இல்லை. நிலுவை இருக்கும்வரை புதிய செலவுக்கு வட்டியில்லா நாட்களும் கிடையாது, தேய்த்த அன்றே வட்டி ஓடத் தொடங்கும். மினிமம் டியூ கட்டினால் தாமதக் கட்டணம் வராது, அவ்வளவுதான். பில்லிலேயே எச்சரித்திருப்பார்கள், யாரும் படிப்பதில்லை.

நோட்டில் மிச்சமானது 2,410. கார்டில் தொலைந்தது அதைப்போல் இரண்டு மடங்கு.

இதைவிட என்னை வதைத்தது அடுத்த பக்கம். வங்கியில் மாதம் 5,000 ரூபாய் ஆர்.டி. என்னும் தொடர் வைப்பு, 22 தவணை கட்டியாயிற்று. "அதை முடித்துக் கார்டுக் கடனை அடைத்துவிடுங்கள்" என்றேன். இருவர் முகமும் வாடிவிட்டது. "அது சேமிப்பு மேடம், தொடக்கூடாது என்று வைத்திருக்கிறோம்." அந்த 1,10,000-க்கு ஏழு சதவீதத்தில் மாதம் சுமார் 640 ரூபாய் வட்டி வருகிறது. கார்டுக் கடனுக்குக் கிட்டத்தட்ட 5,000 போகிறது. ஒரு கையால் 640 வாங்கி மறு கையால் 5,000 கொடுப்பதற்குச் சேமிப்பு என்று பெயர் வைத்தது யார்? இடையில் முடித்தால் வங்கி வட்டியில் கொஞ்சம் பிடிக்கும். பிடிக்கட்டும்.

பிடிவாதம் பிடித்திருந்தால் அடுத்து எங்கே கை வைத்திருப்பார்கள் என்பதும் எனக்குத் தெரியும், மருத்துவக் காப்பீட்டில். தயவுசெய்து அதைத் தொடாதீர்கள். அலுவலகக் காப்பீடு இருக்கிறதே என்கிறீர்கள். வேலை போனால் அதுவும் போகும்.

வெட்ட வேண்டியது வேறு இருந்தது. "வரி மிச்சமாகும்" என்று யாரோ சொன்னதால் ஆண்டுக்கு 48,000 கட்டும், காப்பீடும் சேமிப்பும் சேர்ந்த எண்டோமென்ட் பாலிசி. கணவருக்குச் சம்பளம் 46,000, மனைவிக்கு 29,000. புதிய வரி முறையில் இருவருக்குமே வரி இல்லை. இப்படிப் பாலிசி கட்டுவதற்குக் கிடைக்கும் 80சி கழிவும் அந்த முறையில் இல்லை. இல்லாத வரியை எப்படி மிச்சம் பிடிப்பது? பாலிசியை இடையில் நிறுத்தினால் எவ்வளவு கிடைக்கும் என்ற சரண்டர் மதிப்பை எழுதி வாங்கி வாருங்கள், பிறகு பேசலாம் என்றேன்.

மற்றவர்களுக்கும் சொல்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் உட்கார்ந்து இருவர் கைப்பேசியிலும் உள்ள கடன், கார்டு, தவணை எல்லாவற்றையும் ஒருவருக்கொருவர் காட்டுங்கள். சண்டை வரும், வந்தால் வரட்டும். சமையலறையை அதற்குப் பிறகு பாருங்கள். சேமிப்பு சம்பளம் வந்த மறுநாளே தானாகப் போக ஏற்பாடு செய்யுங்கள். மாதக் கடைசியில் மிஞ்சுவதை எடுத்து வைக்கலாம் என்று காத்திருந்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன், மிஞ்சியதைப் பார்த்ததில்லை. கணக்குகளுக்கு நாமினி போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள், நிறையப் பேர் போடுவதில்லை.

இந்தத் தம்பதிக்குக் கார்டு தீர்ந்ததும் மாதம் 11,000 ரூபாய் விடுபடும், ஆர்.டி. 5,000, கார்டு 6,000. அதை அப்படியே புதிய ஆர்.டி.யில் போட்டால் நான்கு ஆண்டுகளில் வட்டி இல்லாமலே 5,28,000. கார்டை அடைத்த ரசீதோடு அடுத்த மாதம் வரச் சொல்லியிருக்கிறேன். பாலைப் பழையபடி வாங்கவும் சொன்னேன். அதற்கு மட்டும் இருவரும் யோசிக்காமல் தலையாட்டினார்கள்.