6 மில்லிமீற்றர் முடிச்சுக்குப் பயப்பட வேண்டுமா?

வெள்ளவத்தையில் எங்கள் பிளட்டில் கீழ் மாடியில் இருக்கும் அன்ரி போன கிழமை ஒரு பெரிய பழுப்புக் கவரோடு படியேறி வந்தார். அங்கிளுக்கு மலக்குடலில் புற்றுநோய், எம்.ஆர்.ஐ. எடுத்தாயிற்று, ரிப்போர்ட்டும் கைக்கு வந்துவிட்டது, ஆனால் டொக்டரைப் பார்க்க இன்னும் மூன்று நாள் இருக்கிறது. "தம்பி, நிணநீர் முடிச்சு ரெண்டு இருக்காம், ஒண்டு 6 மில்லிமீற்றராம். அப்ப பரவிட்டுது தானே?"

நான் டொக்டர் இல்லை. ஸ்கேன் படங்களோடு கொஞ்சக் காலம் வேலை செய்தவன், அவ்வளவுதான். ஆனால் முடிச்சு இருக்கிறது என்பது மட்டும் ஒரு செய்தியே இல்லை என்று சொல்ல அது போதும். தொண்டை நொந்தால் கழுத்தில் நெறி கட்டுமே, அதே சாமான்தான் எல்லாருடைய மலக்குடலைச் சுற்றியுள்ள கொழுப்பிலும் சின்னச் சின்னதாகக் கிடக்கிறது. திசுக்களில் இருந்து வடியும் நிணநீரை வடிகட்டுவது அதன் வேலை. புற்றுக் கலம் ஒன்று கட்டியில் இருந்து கழன்று அந்த நீரோடு வந்தால் அங்கே மாட்டிக்கொண்டு வளரலாம். எதுவுமே வராமல், பக்கத்தில் இருக்கும் அழற்சிக்காக மட்டுமே முடிச்சு வீங்கியும் இருக்கலாம்.

அதனால் சைஸை மட்டும் நம்பினால் இரண்டு பக்கமும் ஏமாறுவோம். பெரிதாகத் தெரிவது வெறும் நெறியாக இருக்கும், கொத்தமல்லி விதை அளவில் இருப்பதற்குள் புற்று இருக்கும். புற்று ஏறிய முடிச்சுகளில் கணிசமானவை 5 மில்லிமீற்றருக்கும் சிறியவை. சர்க்கரையை அதிகம் உறிஞ்சும் இடங்களைக் காட்டும் பெட் (PET) ஸ்கேன் எடுத்தால் தெரியாதா என்று கேட்பார்கள், இவ்வளவு சின்னதை அதுவும் அடிக்கடி தவறவிடும்.

சரி, பிறகு எதைப் பார்க்கிறார்கள்? மலக்குடல் எம்.ஆர்.ஐ.யில் 3 மில்லிமீற்றர் தடிப்பில் துண்டு துண்டாகப் படம் எடுப்பார்கள். டி2 என்று சொல்லும் அந்தப் படத்தில் கொழுப்பு வெள்ளையாகவும் முடிச்சு அதற்குள் சாம்பல் பொட்டாகவும் தெரியும். நல்ல முடிச்சு அவரைக்கொட்டை போல நீள்வட்டமாக, ஓரம் பென்சிலால் கீறியது போல, உள்ளே ஒரே சாம்பலாக இருக்கும். கெட்டதோ உருண்டு, ஓரம் ஈரக் கடதாசியில் பட்ட மை போலக் கசிந்து, உள்ளே திட்டுத் திட்டாகக் கிடக்கும். ஐரோப்பிய கதிரியக்க நிபுணர்களின் 2016 வழிகாட்டலில் குறுக்களவு 9 மில்லிமீற்றரோ மேலோ என்றால் அதுவே சந்தேகத்துக்குப் போதும், 5 முதல் 9 வரை என்றால் உருண்டை வடிவம், ஒழுங்கற்ற ஓரம், திட்டுத் திட்டான உள்பகுதி என்ற மூன்றில் குறைந்தது இரண்டு வேண்டும், 5க்குக் கீழே என்றால் மூன்றும் வேண்டும். அன்ரியின் 6 மில்லிமீற்றர் முடிச்சுக்குப் பக்கத்தில் நீள்வட்டம், ஓரம் ஒழுங்கு என்றுதான் எழுதியிருந்தது.

ஆனால் நோய் திரும்பி வருமா என்ற கேள்விக்கு, என்னைக் கேட்டால், முடிச்சு எந்த இடத்தில் இருக்கிறது என்பதைத்தான் முதலில் தேட வேண்டும். மலக்குடலையும் அதைச் சுற்றிய கொழுப்பையும் ஒரு மெல்லிய உறை மூடியிருக்கிறது. கொழும்பில் மத்தியானம் வாங்கும் சோற்றுப் பார்சல் மாதிரி. உறை கிழியாமல் முழுப் பார்சலாகவே வெளியே எடுத்தால் இடுப்புக்குள் நோய் திரும்புவது நன்றாகக் குறையும் என்று 1982இல் எழுதியவர் இங்கிலாந்தின் பேசிங்ஸ்ரோக்கைச் சேர்ந்த சத்திரசிகிச்சை நிபுணர் பில் ஹீல்ட். இன்று உலகம் முழுக்க அதுதான் முறை. உறைக்குள் இருக்கும் முடிச்சு பார்சலோடு போய்விடும். கட்டி அந்த உறைக்கு 1 மில்லிமீற்றர் கிட்டவரை வந்திருக்கிறதா, குடல் சுவரைத் தாண்டி இரத்தக் குழாய்க்குள் நுழைந்திருக்கிறதா என்பவைதான் பெரிய கவலைகள். ரிப்போர்ட்டில் இந்த இரண்டு வரியும் கீழே எங்கேயோ கிடக்கும், ஆட்கள் முடிச்சு வரியிலேயே நின்றுவிடுவார்கள்.

பார்சலுக்கு வெளியே, இடுப்பின் பக்கச் சுவரோடு இருக்கும் முடிச்சுகள் வேறு கதை. கட்டி மலக்குடலின் கீழ்ப் பகுதியில் என்றால் நிணநீர் அந்தப் பக்கமும் ஓடும். வழக்கமான ஒப்பரேசன் அவற்றைத் தொடுவதில்லை, யப்பானில் மட்டும் நெடுங்காலமாகவே வெட்டி எடுத்து வந்தார்கள். 2019இல் 7 நாடுகளின் 12 மருத்துவமனைகள் சேர்ந்து வெளியிட்ட ஆய்வில், பக்கச் சுவர் முடிச்சு முதல் ஸ்கேனில் 7 மில்லிமீற்றரோ மேலோ இருந்தவர்களுக்கு, கதிர்ச் சிகிச்சையும் வழக்கமான ஒப்பரேசனும் செய்த பிறகும் 5 வருடத்தில் 19.5 சதவீதம் அந்தப் பக்கத்திலேயே நோய் திரும்பியது. அந்த முடிச்சுகளையும் சேர்த்து எடுத்தவர்களில் 5.7 சதவீதம்தான்.

அன்ரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினார். பக்கச் சுவரில் ஒன்றும் இல்லை, உறைக்கும் கட்டிக்கும் நடுவே இடம் இருக்கிறது.

"அப்ப அந்த ரெண்டும் என்னவெண்டு எப்ப தெரியும்?"

"எடுத்த பிறகுதான் அன்ரி. லாபில அந்தக் கொழுப்பை வெட்டி, முடிச்சு முடிச்சாத் தேடி எடுத்து மைக்ரோஸ்கோப்பில பாப்பினம். குறைஞ்சது 12 எண்டாலும் பாக்க வேணும்."

"பன்னிரண்டோ! இதில ரெண்டு தானே போட்டுக் கிடக்கு?"