அலங்கார வளைவுக்கு முன் வாடகை ஒப்பந்தம்

பழைய கடைவீதியைப் புதுப்பிக்கப் பணம் வரப்போகிறது என்றதும் முதலில் மேசைக்கு வருவது அலங்கார வளைவின் வரைபடம். அடுத்து விளக்குக் கம்பங்கள், பிறகு சுவரோவியம். மலேசியாவின் பேராக் மாநிலத்தில், கீழே கடையும் மேலே வீடுமாக இருக்கும் பழைய கடைவீடுகளைப் பழுதுபார்க்கும் கட்டடக் கலைஞன் நான். இத்தகைய கூட்டங்களில் நான் முதலில் கேட்பது வேறு: இந்த வரிசையில் எத்தனை கடைக்காரர்களிடம் எழுத்தில் வாடகை ஒப்பந்தம் இருக்கிறது? பெரும்பாலும் பதில் வராது. அப்பா காலத்தில் வாய்வார்த்தையாகப் பேசிய வாடகைதான் இன்றும் ஓடிக்கொண்டிருக்கும்.

சுங்கை சிப்புட் போன்ற தோட்ட நகரத்தில் இது சின்ன விஷயம் அல்ல. சுற்றிலும் இருந்த ரப்பர் தோட்டங்களின் சம்பள நாளை நம்பி வளர்ந்த கடைவீதி இது. மளிகைக் கடையில் 555 என்ற சின்னக் கணக்குப் புத்தகத்தில் கடன் ஏறும். சம்பளம் வந்ததும் கணக்கை அடைத்துவிட்டு, மிச்சத்தில் ஒரு சேலை, பிள்ளைகளுக்கு மிட்டாய். 1948 ஜூன் 16 அன்று இவ்வூர்த் தோட்டங்களில் மூன்று ஐரோப்பிய நிர்வாகிகள் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. வரலாற்று நூல்கள் ஊரைக் குறிப்பிடுவது அதற்காகத்தான். அந்த 555 புத்தகமும் எனக்கு அதே அளவு வரலாறு. பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாகப் பிரித்து விற்ற தோட்டத் துண்டாடல் குடும்பங்களைக் கலைத்தது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோது வேலைக்கு ஆட்களும் குறைவாகவே தேவைப்பட்டார்கள். வாடிக்கையாளர் போன பிறகும் பூ கட்டுகிறவரும் மாவு அரைப்பவரும் நகை செய்கிற ஆசாரியும் கதவைத் திறந்து வைத்திருப்பதால்தான் இது இன்னும் கடைவீதியாக இருக்கிறது.

இவர்களை விட்டுவிட்டுக் கட்டடத்தை மட்டும் காப்பாற்றினால் என்ன ஆகும் என்பதற்குப் பினாங்கின் ஜார்ஜ் டவுன் சாட்சி. 1966இல் இயற்றப்பட்ட வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பின்னர் நீக்கப்பட்டு, 2000ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் வாடகைகள் சந்தை விலைக்கு விடப்பட்டன. தலைமுறைகளாக இருந்தவர்கள் வெளியேறினார்கள். பல கடைவீடுகள் பூட்டிக் கிடந்தன. 2008 ஜூலையில் மலாக்காவோடு சேர்ந்து யுனெஸ்கோ பட்டியலில் இடம் கிடைத்த பிறகு சொத்து விலை ஏறியது. தங்கும் விடுதிகளும் புதுக் காப்பிக்கடைகளும் நிறைந்தன. கட்டடங்கள் தப்பின. அவற்றில் தொழில் செய்தவர்களில் பலர் தப்பவில்லை.

ஆகவே கடைக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய சட்டம் ஒன்று உண்டு. நம் தேசிய நிலச் சட்டத்தொகுப்பின்படி, மூன்று ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும். அதற்கு உட்பட்ட வாடகை வாய்மொழியாகவும் இருக்கலாம். ஆனால் நில அலுவலகத்தில் பட்டாவின்மேல் அதைக் குறிப்பு ஏற்றாவிட்டால், கடையை வாங்கும் புதிய உரிமையாளரை அது கட்டுப்படுத்தாது. ஊருக்கு முதலீடு வருகிறது என்ற செய்தி பரவியதும் கைமாறுவது கட்டடங்கள்தான். உரிமையாளரோடு நல்லுறவு இருக்கும் இப்போதே எழுதிக்கொள்ளுங்கள், பட்டாவில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

பழுதுபார்ப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பணம் வீணாவது இங்கேதான். பழைய கடைவீட்டின் செங்கல் சுவர் சுண்ணாம்புக் காரையால் பூசப்பட்டது. தரையிலிருந்து ஏறும் ஈரம் அந்தக் காரை வழியே ஆவியாகிவிடும். அதன்மேல் சிமெண்டைப் பூசி, பளபளக்கும் சாயத்தை அடித்தால் ஈரம் உள்ளேயே அடைபடும். உப்புப் பூக்கும், செங்கல் பொடியும். திறப்பு விழாவுக்காக முகப்பை மட்டும் வண்ணம் அடித்த கடைகளில் மேல்மாடி உத்திரம் மழையில் இற்றுப்போய்க் கிடப்பதைப் பார்க்கும்போது மனம் கொதிக்கிறது. முதல் ரிங்கிட் கூரைக்குப் போகட்டும்: ஓடு, உத்திரம், மழைநீர்க் குழாய். அடுத்து, வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் விட்டிருந்த நடு முற்றத்தைத் தகரம் போட்டு மூடியிருந்தால் அதைத் திறக்க வேண்டும். கடை முன்னால் கூரையோடு இருக்கும் நடைபாதையான அஞ்சடியை அடைத்து வைத்திருக்கும் சாமான்களை எடுக்க வேண்டும். வண்ணம் கடைசியில்.

அரசு மானியம் கொடுத்தால் அது உரிமையாளருக்கே போகும். அதில் தவறில்லை. ஆனால் இருக்கிற கடைக்காரரைச் சில ஆண்டுகளுக்கு எழுப்பக்கூடாது, வாடகையை ஏற்றக்கூடாது என்ற நிபந்தனையோடு கொடுக்க வேண்டும். அதற்கும் மேலே ஒரு வழி இருக்கிறது, அதை வெளியில் தேட வேண்டியதில்லை. 1919இல் சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன், தோட்டத் துண்டாடலுக்கு எதிராக 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்மரம் வெட்டிய கைகள் கொடுத்த சேமிப்பில் தோட்டங்களையே வாங்கினார்கள். தோட்டத்தை வாங்க முடிந்தவர்களின் பேரப்பிள்ளைகள் சேர்ந்து ஒரு வரிசைக் கடைவீட்டை வாங்க முடியாதா? கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் சம்பாதிக்கும் இவ்வூர்ப் பிள்ளைகள் கோயில் திருவிழாவுக்குத் தவறாமல் வருகிறார்கள். அவர்களிடம் யாராவது முறையான கணக்கோடு போய்க் கேட்க வேண்டும்.

எந்த நிலத்தில் என்ன கட்டலாம் என்று வகுக்கும் வரைவு உள்ளூர்த் திட்டத்தை ஊராட்சி மன்றம் தயாரித்தால், 1976ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்தின்படி அதை நாளிதழில் அறிவித்துப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்து, ஆட்சேபங்களையும் பெற வேண்டும். அறிவிப்பு மலாயில்தான் பெரும்பாலும் கண்ணில் படும். படித்த பிள்ளை ஒருவரைக் கவனித்துவரச் சொல்லுங்கள். உங்கள் கடை இருக்கும் வரிசைக்கு வரைபடத்தில் என்ன நிறம் தீட்டியிருக்கிறார்கள், அந்த நிறத்துக்கு எத்தனை மாடி அனுமதி என்று கேளுங்கள். ஆட்சேபத்தை எழுத்தில் கொடுங்கள்; எத்தனை ஆண்டாக என்ன தொழில் செய்கிறீர்கள் என்பதையும், வணிக உரிமத்தின் நகலையும் அதோடு சேருங்கள். முத்திரையிட்ட ரசீதை வாங்காமல் அலுவலக முகப்பிடத்தை விட்டு நகராதீர்கள்.