ஆன்டிபாடி என்றால் நோய் எதிர்ப்பு சக்தியா?

டெங்கு பற்றிய ஒரு மொழிபெயர்ப்பில் இப்படி ஒரு வாக்கியம்: "முதல் தொற்றில் உருவான நோய் எதிர்ப்பு சக்தி, அடுத்த தொற்றில் நோயைத் தீவிரமாக்கலாம்." நோயை எதிர்க்கும் சக்தி எப்படி ஐயா நோயை முற்ற வைக்கும்? மூலத்தில் இருந்த சொல் ஆன்டிபாடி. கொரோனாக் காலத்தில் ஒட்டிக்கொண்ட இந்தப் பெயர்ப்பு இன்னும் விட்டபாடில்லை.

சொல் ஜெர்மன் வழி வந்தது. ஜெர்மன் மருத்துவ விஞ்ஞானி பால் எர்லிக் 1891இல் 'ஆன்டிகோர்ப்பர்' என்று எழுதினார். கோர்ப்பர் என்றால் உடல், பொருள். நச்சையோ கிருமியையோ எதிர்க்கும் ஒரு பொருள், அவ்வளவுதான். அது ஒய் வடிவப் புரதம். பி செல் என்ற வெள்ளையணுவின் வழிவந்த செல்கள் சுரப்பது. புரதம் என்பதால் 'எதிர்ப்பு அணு' என்பதும் தப்பு.

எதிர்ப்பு சக்தி என்பதோ மொத்தப் படை. தோல், டி செல், பி செல், நினைவு செல் எல்லாம் அதில் அடக்கம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐசிஎம்ஆர்) 2021 ஜூன், ஜூலையில் நடத்திய ஆய்வில் 67.6 சதவீதம் பேரிடம் கொரோனா ஆன்டிபாடி இருந்தது. அதையே 67.6 சதவீதம் பேருக்கு எதிர்ப்பு சக்தி வந்துவிட்டது என்று எழுதினால், படிப்பவர் முகக்கவசத்தைக் கழற்றிவிட மாட்டாரா?

டெங்குவில் இந்தக் குழப்பம் இன்னும் மோசம். டெங்கு வைரஸ் நான்கு வகை. ஒரு வகைக்கு உருவான ஆன்டிபாடி, வேறு வகை வரும்போது அதன்மேல் அரைகுறையாக ஒட்டும், முடக்காது. சில வெள்ளையணுக்கள் ஆன்டிபாடியின் வால் பகுதியைப் பற்றி உள்ளே இழுக்கும்போது, வைரஸும் சேர்ந்து நுழைந்து பெருகும். பிலிப்பைன்ஸில் 2016இல் பள்ளிப் பிள்ளைகளுக்கு டெங்கு தடுப்பூசி போடத் தொடங்கி, எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குப் போட்டார்கள். முன்பு டெங்கு வராதவர்களுக்கு அதனால் நோய் கடுமையாகலாம் என்று 2017 நவம்பரில் தயாரித்த நிறுவனமே சொன்னது. இந்த விவகாரத்தை 'எதிர்ப்பு சக்தி'யை வைத்துக்கொண்டு எழுதிப் பாருங்கள், கை ஓடாது.

சரி, வேறென்ன சொல்லலாம்? 'எதிர்ப்பொருள்' என்கிறார்கள். தமிழாசிரியர் அதை எதிரான அர்த்தம் என்று கொள்வார். இயற்பியல்காரர் ஆன்டிமேட்டர் என்பார். என் ஓட்டு 'பிறபொருளெதிரி'க்கு. உடலுக்கு அந்நியமான பொருள், அதற்கு எதிரி: வேலையைச் சொல்லிவிடுகிறது, வெற்றிக்கு உத்தரவாதம் தரவில்லை. வாயில் நுழையவில்லை என்பவர்கள் ஒளிச்சேர்க்கையை மட்டும் எப்படிப் படித்தார்களாம்? தலைப்பில் இடம் பத்தாவிட்டால் ஆன்டிபாடி என்றே போடட்டும். தவறான தமிழைவிடச் சரியான கடன்சொல் மேல். தூய தமிழ் அன்பர்கள் மன்னிக்க வேண்டாம், யோசித்தால் போதும்.

ஆன்டிஜெனுக்கும் இதிலேயே சொல் கிடைக்கிறது: பிறபொருளெதிரியாக்கி. எதிரியை உண்டாக்கத் தூண்டுவது. ஆன்டிஜெனின் 'ஜென்' சொல்வதும் இதைத்தான். இங்கேயும் கூத்து உண்டு. ரேபிட் ஆன்டிஜென் டெஸ்டை 'எதிர்ப்பு சக்தி பரிசோதனை' ஆக்கிவிடுகிறார்கள். அது மூக்குச் சளியில் வைரஸின் புரதம் இருக்கிறதா என்று பார்ப்பது. அதில் பாசிட்டிவ் வந்தவருக்கு எதிர்ப்பு சக்தி இருக்கிறது என்று அர்த்தமில்லை, தொற்று இருக்கிறது.