பெடலை வாங்கும் முன் ஆம்ப்பைக் கவனியுங்கள்

கிட்டாருக்கும் ஆம்ப்புக்கும் (ஒலியைப் பெருக்கும் பெட்டி) நடுவே வைத்து, காலால் அழுத்தி ஒலியைக் கரகரப்பாக்கும் ஓவர்டிரைவ், டிஸ்டார்ஷன் பெடல்களில், பழுது என்று என்னிடம் வரும் பலவற்றில் பழுதே இருப்பதில்லை. "சவுண்ட் சரியில்லை சார், உள்ளே ஏதோ போயிருக்கு" என்று சொல்லிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். திறந்து அளந்து பார்த்தால் சர்க்யூட் ஒழுங்காக வேலை செய்துகொண்டிருக்கும். அவர்களுடைய ஆம்ப்புக்கும், கம்பியின் அதிர்வை மின் அலையாக்கும் பிக்கப்புக்கும் அந்தப் பெடல் ஒத்துவரவில்லை, விஷயம் அவ்வளவுதான். காசு போனதுகூடப் பெரிதில்லை. "என் கைதான் சரியில்லையோ" என்று மாதக்கணக்கில் மனம் வெதும்பி, கிட்டாரையே ஓரமாக வைத்துவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த வருத்தம் யாருக்கும் வேண்டியதில்லை.

இந்தப் பெடல்கள் செய்யும் காரியம் ஒன்றுதான். கிட்டாரிலிருந்து வரும் மின் அலையைப் பெருக்கி, ஒரு எல்லையைத் தாண்டவிடாமல் அதன் உச்சியை வெட்டுகின்றன. வெட்டுப்பட்ட அலையில் மூல சுரத்துக்கு மேலே புதிய ஹார்மோனிக்குகள் (மூல அதிர்வெண்ணின் மடங்குகள்) பிறக்கின்றன. கூடவே ஒலி அமுங்குகிறது. மென்மையாக மீட்டியதும் ஓங்கி மீட்டியதும் ஏறக்குறைய ஒரே அளவில் கேட்கும். இபானெஸ் டியூப் ஸ்க்ரீமர் போன்ற ஓவர்டிரைவில், வெட்டும் டையோடுகள் (குறிப்பிட்ட வோல்ட்டேஜைத் தாண்டினால் மின்சாரத்தைக் கடத்தும் சிறு பாகங்கள்), அலையைப் பெருக்கும் ஆப்-ஆம்ப் சில்லின் வெளியீட்டிலிருந்து உள்ளீட்டுக்குத் திரும்பும் ஃபீட்பேக் பாதையில் இருக்கின்றன. அதனால் வெட்டு வளைவாக, மெதுவாக விழுகிறது. வெட்டுப்படாத மூல ஒலியும் கொஞ்சம் கலந்தே வெளியே வருகிறது. 1978-ல் வந்த பாஸ் டிஎஸ்-1, அதே காலத்து ப்ரோகோ ரேட் போன்ற டிஸ்டார்ஷன் பெடல்களில் டையோடுகள் சிக்னலை நேராக கிரவுண்டுக்கு இழுக்கின்றன. அங்கே வெட்டு தட்டையாக, கறாராக விழும்.

எந்த டையோடு சிறந்தது என்று ஓயாமல் விவாதிக்கிறார்கள். ஜெர்மானியம் சுமார் 0.3 வோல்ட்டில் வெட்டத் தொடங்கும், சிலிக்கான் சுமார் 0.6 வோல்ட்டில், எல்இடி 1.6 வோல்ட்டுக்கு மேலே. எல்இடி வைத்த பெடல் சத்தமாகவும் அமுக்கம் குறைவாகவும் கேட்பதற்கு இதுவே காரணம். ஆனால் என் அனுபவத்தில், காது முதலில் பிடிப்பது டையோடை அல்ல, அதற்கு முன்னும் பின்னும் இருக்கும் ஃபில்டர்களைத்தான். டியூப் ஸ்க்ரீமர் வெட்டுவதற்கு முன்பே சுமார் 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள பேஸுக்கு (தாழ்ந்த ஒலிகளுக்கு) குறைவான கெய்ன் (பெருக்கும் அளவு) கொடுக்கிறது, வெட்டிய பிறகு ட்ரெபிளை (உச்ச ஒலிகளை) தணிக்கிறது. இடையில் உள்ள மிட் மேடாக எழுந்து நிற்கிறது. பிக் மஃப் என்ற பெடல் நேர் எதிர். அதன் டோன் சர்க்யூட் 1000 ஹெர்ட்ஸை ஒட்டிய மிட்டைப் பள்ளமாக்குகிறது.

ஆம்ப் இந்த இடத்தில்தான் வருகிறது. ஃபெண்டர் வகை கிளீன் (ஒலியைச் சிதைக்காத) ஆம்ப்களில் மிட் இயல்பாகவே குழிந்திருக்கும். டியூப் ஸ்க்ரீமரின் மேடு அந்தக் குழியில் போய் உட்காரும், லீட் வாசிப்பு முன்னால் வந்து நிற்கும். அதே பெடலை, ஏற்கெனவே மிட் தூக்கலான ஆம்ப்பில், தடித்த ஒலியுள்ள ஹம்பக்கர் எனும் இரட்டைச் சுருள் பிக்கப்போடு சேர்த்தால் மூக்கால் பேசுவதுபோல் ஆகிவிடும். பிக் மஃப்பைக் குழிந்த ஆம்ப்பில் போட்டால் அறையில் பிரமாதமாக இருக்கும். டிரம்ஸும் பேஸ் கிட்டாரும் சேர்ந்ததும் கிட்டார் காணாமல் போகும். வால்யூமை ஏற்றினாலும் திரும்பி வராது, ஏனென்றால் குறைவது சத்தம் அல்ல, மிட்.

இன்னொரு கேள்வியும் ஆம்ப்பையே சார்ந்தது: உங்கள் ஆம்ப்பின் ஒலி தானாகவே உடையுமா, அதாவது சத்தம் ஏறும்போது கரகரக்குமா? ட்யூப் ஆம்ப்பை ஒலி லேசாக உடையத் தொடங்கும் நிலையில் வைத்து, ஓவர்டிரைவின் டிரைவ் குமிழைக் குறைத்து, லெவலை நன்றாக ஏற்றினால், பெடல் ஆம்ப்பின் முன்வாசலைத் தள்ளுகிறது. நீங்கள் கேட்பதில் பெரும்பகுதி ஆம்ப்பின் டிஸ்டார்ஷன். ஒலிப்பதிவுகளில் கேட்டு மயங்கும் பல 'ஓவர்டிரைவ் டோன்'கள் இப்படி உருவானவை. அந்தப் பெடலை மட்டும் வாங்கிவந்து, சிறிய டிரான்சிஸ்டர் ஆம்ப்பில் கிளீன் சேனலில் சொருகினால் அந்த ஒலி வராது. தள்ளுவதற்கு அங்கே எதுவும் இல்லை. கிளீன் ஆம்ப் மட்டுமே இருப்பவர்கள், முழு ஒலியையும் தானே உண்டாக்கித் தரும் பெடலை எடுப்பதே புத்திசாலித்தனம். டிஸ்டார்ஷன் பெடல் ஒன்று, அல்லது ஒரு ஆம்ப்பின் கெய்ன் அடுக்குகளையும் ஈக்யூவையும் (பேஸ், மிட், ட்ரெபிள் சமநிலை) ஒத்து வடிவமைத்த பெடல்.

கணினியோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸில் நேரடியாகச் சொருகுபவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். கிட்டார் ஸ்பீக்கர் சுமார் 5000 ஹெர்ட்ஸுக்கு மேல் வேகமாக அடங்கிவிடும். டிஸ்டார்ஷன் உண்டாக்கும் கரகரப்பை இத்தனை காலமும் வடிகட்டியது அந்த ஸ்பீக்கர்தான். ஹெட்ஃபோனுக்கும் ஸ்டுடியோ மானிட்டருக்கும் அந்த எல்லை கிடையாது. கிட்டார் ஸ்பீக்கரைப் போல ஒலியை வடிகட்டும் கேபினெட் சிமுலேஷன் போடாமல் கேட்டால் எவ்வளவு நல்ல பெடலும் சீறும். "புது பெடல் கிழியுது" என்று வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது, எதில் சொருகிக் கேட்டீர்கள் என்றுதான்.

கடையில் கேட்டுப் பார்க்கும்போது காது எளிதாக ஏமாறும் இடம் ஒன்று உண்டு. சத்தம் கொஞ்சம் கூடினாலே ஒலி நன்றாக இருப்பதாக மனம் முடிவுகட்டிவிடும். பெடலை அணைத்த நிலையிலும் போட்ட நிலையிலும் சத்தம் சமமாக இருக்கும்படி லெவல் குமிழை வைத்த பிறகே ஒப்பிடுங்கள். இரண்டு பெடல்களை ஒப்பிடும்போதும் அப்படியே. அதோடு, நீங்கள் உண்மையில் வாசிக்கும் சத்தத்தில் கேளுங்கள். குறைந்த சத்தத்தில் மனிதக் காது பேஸையும் உச்ச ஒலிகளையும் குறைவாக உணர்கிறது என்பதை 1933-லேயே ஃப்ளெட்சர், மன்சன் என்ற ஆய்வாளர்கள் அளந்து வெளியிட்டார்கள். இரவில் அறையில் மெதுவாக வைத்து, பேஸையும் ட்ரெபிளையும் ஏற்றிச் சரிசெய்த டோன், மேடையில் சத்தம் கூடியதும் இரைச்சலும் உறுமலுமாக மாறுவதற்கு இதுவே காரணம்.

கெய்ன் எவ்வளவு வேண்டும் என்பதை நீங்கள் பிடிக்கும் கார்டுகள்தான் தீர்மானிக்கும். இரண்டு சுரங்கள் சேர்ந்து வெட்டுப்படும்போது அவற்றின் கூட்டல், கழித்தல் அதிர்வெண்களும் பிறக்கின்றன. 110 ஹெர்ட்ஸ் ஏ-வோடு அதன் ஐந்தாம் சுரமான 165 ஹெர்ட்ஸ் ஈ-யை அடித்தால், வித்தியாசம் 55. அது அதே ஏ-வின் கீழ் ஸ்தாயி. மூல சுரமும் ஐந்தாம் சுரமும் மட்டுமே கொண்ட பவர் கார்டு டிஸ்டார்ஷனில் அவ்வளவு கம்பீரமாக ஒலிப்பது இதனால்தான். ஏ-வோடு 138.6 ஹெர்ட்ஸ் சி ஷார்ப்பைச் சேர்த்தால் வித்தியாசம் 28.6, அந்தக் கார்டில் அதற்கு இடமே இல்லை, சேறாகக் கலங்கிக் கேட்கும். மேஜர், மைனர், செவன்த் என்று முழுக் கார்டுகள் வாசிப்பவர்களுக்குக் குறைந்த கெய்ன் ஓவர்டிரைவ்தான் ஏற்றது. எந்த வகையானாலும், நினைத்ததைவிடக் கெய்னைக் குறைத்து வையுங்கள். மேடை ஒலிக்கலவையில் நான் அடிக்கடி கெஞ்சிக் கேட்பது அது ஒன்றைத்தான்.

ஒரு சோதனையை விட்டுவிடாதீர்கள். பெடல் ஓடிக்கொண்டிருக்க, கிட்டாரின் வால்யூம் குமிழைப் பாதிக்கு இறக்குங்கள். ஒலி தெளிந்து, உயிரோடு இருந்தால் அந்த ஒரு பெடலிலேயே ரிதமுக்கும் லீடுக்கும் வழி கிடைத்துவிட்டது. மந்தமாகிச் செத்துப்போனால் வேறொன்றைப் பாருங்கள்.

கெய்ன் ஏறினால் மின்சாரத்தின் 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் ஹம்மும் ஏறும், ஒற்றைச் சுருள் பிக்கப் உள்ள சிங்கிள் காயில் கிட்டாரில் இன்னும் அதிகமாக. அது பெடலின் குற்றம் அல்ல. ப்ரோகோ ரேட் பெடல் வாங்கியவர்கள் 'மந்தமா இருக்கு' என்று சொல்வதும் பெரும்பாலும் அப்படித்தான். அதன் ஃபில்டர் குமிழை வலப்பக்கம் திருப்பத் திருப்ப ட்ரெபிள் குறையும்.

பெயருக்காகக் காசு கொட்டாதீர்கள். 1994-ல் வந்த க்ளோன் சென்டார் என்ற ஓவர்டிரைவ் பெடலின் சர்க்யூட்டை எப்பாக்ஸி பிசின் ஊற்றி மறைத்திருந்தார்கள். பின்னாளில் அதைக் கண்டறிந்துவிட்டார்கள். அதே சர்க்யூட்டில் இன்று எத்தனையோ பெடல்கள் கிடைக்கின்றன. பழையதன் விலையில் பெரும்பங்கு அரிதாகக் கிடைப்பதற்கான விலை.

உண்மையிலேயே செத்துப்போய் வரும் பெடல்களில் நான் அதிகம் காண்பது அடாப்டர் செய்த வேலை. பெரும்பாலான பெடல்கள் 9 வோல்ட், பின்னின் நடுப்பகுதி நெகடிவ். கீபோர்டு அடாப்டரோ ரவுட்டர் அடாப்டரோ பின் பொருந்துகிறதே என்று சொருகினால், நடுப்பகுதி பாசிடிவாக இருந்தால் சர்க்யூட்டைப் பொசுக்கிவிடக்கூடும். வோல்ட்டேஜும் துருவமும் பெடலின் மேல் எழுதியிருப்பதோடு ஒத்துப்போக வேண்டும். மில்லி ஆம்பியர் எண் அடாப்டரில் கூடுதலாக இருந்தால் பாதகமில்லை. பெடல் தனக்கு வேண்டியதை மட்டுமே இழுத்துக்கொள்ளும். குறைவாக இருந்தால்தான் சிக்கல். டிஜிட்டல் டிலேயும் டிஸ்டார்ஷனும் ஒரே அடாப்டரிலிருந்து கிளை வயரில் ஓடும்போது கீச்சென்று ஒரு ஒலி வந்தால், ஒவ்வொரு வாயும் தனித்தனியாகப் பிரிக்கப்பட்ட பவர் சப்ளைக்கு மாறுங்கள். பழைய பாணி ஜெர்மானியம் ஃபஸ் பெடல்களில் (ஒலியை இன்னும் முரட்டுத்தனமாகச் சிதைப்பவை) பலவற்றுக்கு கிரவுண்டே பாசிடிவ்; அவற்றைக் கிளை வயரில் மற்ற பெடல்களோடு சேர்த்தால் ஷார்ட் ஆகும். அவற்றுக்குத் தனி பேட்டரி கொடுத்து, கிட்டாருக்கு அடுத்து முதல் பெடலாக வையுங்கள். முன்னால் பஃபர் (சிக்னலைத் தாங்கிக் கடத்தும் சர்க்யூட்) உள்ள பெடல் எதுவும் வேண்டாம்.