"இயேசப்பா கோவிப்பார்" என்று சொல்லும் முன்

கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஞாயிறு பாடசாலையில் படிப்பிக்கத் தொடங்கிப் பதினாறு வருடமாகிறது. கிழமை நாட்களில் பிள்ளைகளுக்கு உளவளத்துணை செய்வது என் தொழில். இரண்டு இடத்திலும் பிள்ளைகளின் வாயிலிருந்து ஒரே பேச்சைத்தான் கேட்கிறேன்: "அப்படிச் செய்தா இயேசப்பா கோவிப்பார்." சோற்றை மிச்சம் வைத்தால் கோவிப்பார், தம்பியைக் கிள்ளினால் கோவிப்பார். ஊரெல்லாம் சொல்லும் 'சாமி கண்ணைக் குத்தும்' என்பதைத்தான் பெயரை மாற்றி நம் வீடுகளில் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

அந்தப் பேச்சு ஒரு பிள்ளையை எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று சொல்கிறேன். தாயிடம் அனுமதி கேட்டு, ஆள் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி எழுதுகிறேன்.

ஒன்பது வயதுப் பையன். காணிக்கைப் பை அவனிடம் வந்ததும் மூடிய கையை உள்ளே விட்டான். மூடியபடியே வெளியே எடுத்தான். வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகும் அவன் போகவில்லை. கரும்பலகையைத் துடைக்கிறேன் என்று ஏற்கனவே துடைத்த பலகையையே துடைத்துக்கொண்டு நின்றான்.

"டீச்சர், நான் காசு போடல்ல. மூணு கிழமையா போடல்ல. இறால் வடை வாங்கிச் சாப்பிட்டேன்."

சரி, இவ்வளவுதானே என்று நினைத்தேன். அடுத்த வார்த்தையில்தான் விஷயம் இருந்தது.

"தங்கச்சிக்கு டெங்கு வந்தது அதாலதானே?"

வியாழக்கிழமையிலிருந்து தங்கை ஆஸ்பத்திரியில். மூன்று நாளாக இந்தப் பிள்ளை அந்தக் கணக்கைத் தனியாகச் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறான். நான் பக்கத்தில் உட்கார்ந்து, "மகன், டெங்கு நுளம்பால வாறது. நீங்க வடை சாப்பிட்டதால வரல்ல. இயேசப்பா அப்படிப் பழி வாங்குறவர் இல்ல" என்றேன். அவன் நம்பவில்லை. பல வருடமாக நாங்கள் சொல்லிக்கொடுத்ததை ஒரு நிமிடத்தில் மாற்ற முடியுமா?

சிறு பிள்ளைகளின் மனம் இயல்பாகவே இப்படித்தான் கணக்குப் போடும். சுவிட்சர்லாந்து உளவியலாளர் ஜான் பியாஜே 1932இல் வெளியிட்ட ஆய்வில், ஆப்பிள் திருடிவிட்டு ஓடும் பையன் ஒருவன் உக்கிய பாலத்தில் கால் வைக்க, பாலம் உடைந்து தண்ணீரில் விழுகிற கதையைப் பிள்ளைகளிடம் சொன்னார். திருடாமல் இருந்திருந்தால் பாலம் உடைந்திருக்காது என்றே சின்னப் பிள்ளைகளில் பெரும்பாலானோர் சொன்னார்கள். வயது ஏற ஏற இந்த எண்ணம் குறைவதையும் அவர் கண்டார். நாம் அதற்குக் கடவுளின் பெயரையும் சேர்த்துக் கட்டிவிட்டால் அது எளிதில் கழலாது.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று, கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்தில் குண்டு வெடித்தது. எங்கள் வகுப்பறையிலிருந்து நடந்தே போகலாம். அதே நாளில் மட்டக்களப்பு சீயோன் ஆலயத்தில் வெடித்த குண்டில் இறந்தவர்களில் ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகளும் இருந்தார்கள். அடுத்து வந்த மாதங்களில், "அவங்க என்ன பிழை செஞ்சாங்க, டீச்சர்?" என்று பிள்ளைகள் கேட்டார்கள். சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் இறந்ததைப் பற்றி இயேசு பேசிய இடத்தை (லூக்கா 13) அப்போதுதான் அவர்களுக்கு முதன்முதலாக வாசித்துக் காட்டினேன். அவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகள் இல்லை என்று அவரே சொல்கிறார். அதை முன்பே சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

அதன் பிறகு நான் ஒரு சின்னச் சோதனை செய்யத் தொடங்கினேன். சகேயுவின் கதையை, அதாவது இயேசுவைப் பார்க்க மரத்தில் ஏறிய வரி வசூலிப்பவனின் கதையை, ஐந்து படங்களாக வரைந்து, வரிசைப்படி அடுக்கச் சொல்வேன். அநேகமான பிள்ளைகள் சகேயு காசைத் திருப்பிக் கொடுக்கும் படத்தை முன்னே வைத்துவிட்டு, இயேசு அவன் வீட்டுக்குப் போகும் படத்தைப் பின்னே வைப்பார்கள். திருந்தினான், அதனால் வந்தார் என்பது அவர்கள் கணக்கு. வேதத்தில் அப்படி இல்லை. அவன் மரத்தில் இருக்கும்போதே, ஒரு சதமும் திருப்பிக் கொடுக்காத ஆளாக இருக்கும்போதே, "இன்றைக்கு நான் உன் வீட்டிலே தங்கவேண்டும்" என்கிறார். நாலு மடங்கு திருப்பித் தருகிறேன் என்று அவன் சொல்வது அதற்குப் பிறகு. பத்துக் கட்டளையும் அப்படித்தான். எகிப்திலிருந்து உன்னைக் கொண்டுவந்தவர் நானே என்று சொன்ன பிறகுதான் முதல் கட்டளை வருகிறது. கிருபை என்றால் என்ன என்று கேட்கும் பிள்ளைக்கு நான் விளக்கம் சொல்வதில்லை. படங்களைச் சரியாக அடுக்கச் சொல்கிறேன்.

"இப்படிச் சொன்னால் பிள்ளைகள் கெட்டுப் போகாதா?" என்று பெற்றோர் கேட்பார்கள். நியாயமான பயம். கிருபை என்பது கண்டும் காணாமல் விடுவது இல்லை. பொய் பொய்தான், அதைப் பிழை என்று சொல்லத்தான் வேண்டும், உடைத்ததை ஒட்டத்தான் வேண்டும். நல்வாழ்வு வாழ நமக்குப் போதிப்பதே தேவகிருபைதான் என்று வேதத்தில் பவுல் தீத்துவுக்கு எழுதுகிறார். "நீ செய்தது பிழை" என்று சொல்லுங்கள். "நீ இப்படிச் செய்தால் எனக்குப் பிள்ளையே இல்லை" என்று மட்டும் கோபத்திலும் சொல்லாதீர்கள். அப்புறம், நீங்கள் பிழை விட்டால் பிள்ளையிடம் மன்னிப்புக் கேளுங்கள். மன்னிப்பைப் பார்த்திராத பிள்ளைக்கு அதைப் படிப்பிக்க முடியாது.

பிழை ஒன்றும் செய்யாத 'நல்ல பிள்ளை'யையும் கவனியுங்கள். புலமைப்பரிசில் வகுப்புக்கும் போய், மனப்பாட வசனமும் ஒப்புவித்து, இரவில் நகம் கடிக்கும் பிள்ளைகள் என்னிடம் வருகிறார்கள். எங்கள் சுவரில் நட்சத்திரம் ஒட்டும் அட்டவணை ஒன்று இருந்தது. அதைக் கழற்றிவிட்டேன்.

அந்தப் பையன் போகும்போது, "காசைத் திருப்பிக் குடுக்கணுமா?" என்று கேட்டான். "குடுங்க. ஆனா தங்கச்சி சுகமாகிறதுக்காக இல்ல. அது உங்க காசு இல்ல, அதுக்காக" என்றேன். தாயிடம் அவனே சொன்னான். கைச்செலவுக் காசில் சேர்த்துக் கொடுப்பதாகப் பேச்சு.

அடுத்த ஞாயிறு காணிக்கைப் பை அவனிடம் வந்தது. இன்னும் சேர்ந்து முடியவில்லை. பையை இரண்டு கையாலும் வாங்கி, உள்ளே ஒன்றும் போடாமல், பக்கத்துப் பிள்ளையிடம் கொடுத்தான்.