11 பூஜ்யமும் ஒரு 107உம்

பெங்களூரு அல்சூரிலிருந்து ஒரு பி.எஸ்ஸி. மாணவி கேட்டிருக்கிறார்: "ஆன்டிபயாடிக் அடிக்கடி சாப்பிட்டால் கிருமி அதற்குப் பழகிவிடும் என்கிறார்களே சார், நிஜமாகவே பழகுகிறதா? புராஜெக்ட்டில் கணக்குப் போட்டுக் காட்ட முடியுமா?"

முடியும். சால்வடோர் லூரியா, மாக்ஸ் டெல்ப்ரூக் என்ற இரண்டு விஞ்ஞானிகள் 1943இலேயே காட்டிவிட்டார்கள். மருந்துக்குப் பதில் அவர்கள் எடுத்துக்கொண்டது பாக்டீரியாவைக் கொல்லும் ஃபேஜ் வைரஸ். வைரஸ் தடவிய அகர் தட்டில் (கிருமி வளர்க்கும் ஜெல்லித் தட்டு) கோடிக்கணக்கான ஈ. கோலை பாக்டீரியாவை ஊற்றினால் அநேகமாக எல்லாம் செத்துப்போகும். தப்பித்த ஒவ்வொன்றும் ஒரு காலனியாக முளைக்கும். அது வைரஸைப் பார்த்த பிறகு மாறியதா, முன்பே மாறியிருந்ததா? காலனியைப் பார்த்துச் சொல்ல முடியாது.

ஒரு நடன விருந்தில் சக ஆசிரியர் ஸ்லாட் மெஷினில் காசு போடுவதைப் பார்த்தபோதுதான் லூரியாவுக்குப் பொறி தட்டியது. சராசரியை விட்டுவிட்டுச் சிதறலைப் பார்க்க வேண்டும்!

வைரஸைக் கண்ட பிறகுதான் மாற்றம் என்றால், எல்லா பாக்டீரியாவுக்கும் அதே அற்ப வாய்ப்பு. தட்டுக்குத் தட்டு எண்ணிக்கை பெரிதாக மாறாது. பாய்சான் பரவல், அதாவது சராசரியும் விலக்க வர்க்கச் சராசரியும் (சிதறலை அளக்கும் variance) சமம். முன்பே மாறியிருந்தால் எப்போது மாறியது என்பதில்தான் விஷயம். பாக்டீரியா ஒன்று இரண்டாகிறது, இரண்டு நான்காகிறது. கடைசித் தலைமுறையில் மாறியது ஒரே காலனி தரும். அதே மாற்றம் ஆறு தலைமுறை முன்னால் நடந்திருந்தால் வாரிசுகள் 64. பல குழாய்களில் ஒன்றுமே நடந்திராது.

அவர்களுடைய சோதனையில், தனித்தனியாக வளர்த்த 20 குழாய்களைத் தட்டுகளில் ஊற்றியபோது 11இல் காலனி எண்ணிக்கை பூஜ்யம். மற்றவை 1, 3, 5, 6 என்று போய், திடீரென்று 35, 64, 107. சராசரி 11.35தான், விலக்க வர்க்கச் சராசரியோ 700ஐத் தாண்டுகிறது! ஒரே பெரிய குடுவையிலிருந்து எடுத்த 10 மாதிரிகள் மட்டும் சமர்த்தாக 13க்கும் 26க்கும் நடுவே நின்றன. ஆக, தட்டில் குறையில்லை. மாற்றம் முன்பே நடந்திருக்கிறது.

நம் கல்லூரிகளில் அந்த 107ஐ 'எக்ஸ்பெரிமென்ட் சொதப்பல்' என்று அடித்துவிட்டு ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்கியிருப்பார்கள். இதற்குக் கோடி ரூபாய்க் கருவி வேண்டாம், அகர் தட்டும் பொறுமையும் போதும். அதுகூட இல்லையென்றால் பேயிங் கெஸ்ட் அறையில் லேப்டாப்பில் பைத்தான் புரோகிராமிலேயே பாக்டீரியா வளர்க்கலாம். இப்படிப்பட்ட சின்ன ஆராய்ச்சிகளுக்கு மாணவர் கையிலேயே கொஞ்சம் பணம் கொடுக்க நம் அரசுகளுக்கு ஏன் மனம் வருவதில்லையோ!

எனக்கு இதில் மிகவும் பிடித்தது அந்த 11 பூஜ்யங்கள். 20இல் 11 என்றால் 0.55. அதன் இயல் மடக்கையை (natural log) எடுத்து, குறியை மாற்றினால் 0.6. ஒரு குழாய்க்குச் சராசரியாக நடந்த மாற்றங்கள் அவ்வளவுதான். ஒன்றுமே முளைக்காத தட்டுகளிலிருந்து கிடைத்த எண் இது! குழாயிலுள்ள பாக்டீரியா எண்ணிக்கையால் வகுத்தால் சடுதிமாற்ற வீதம் (ஒரு பாக்டீரியா இப்படி மாறும் வாய்ப்பு) வந்துவிடும்.

மாணவியின் கேள்விக்கு வருகிறேன். மருந்து பெரும்பாலும் கிருமிக்குப் பாடம் எடுப்பதில்லை. தாங்காதவற்றைக் கொன்று, ஏற்கெனவே தாங்குபவற்றுக்கு இடம் காலி செய்துகொடுக்கிறது. காசநோய்க்கு ஒரே சமயத்தில் பல மருந்து கொடுப்பதும் இந்தக் கணக்கால்தான். ஒரு மருந்தைத் தாங்கும் மாற்றம் கோடியில் ஒன்று என்று வைத்துக்கொண்டால், இரண்டையும் சேர்த்துத் தாங்குவது கோடி கோடியில் ஒன்று.